வலப்பக்கம் முழுக்க மலை

ஊட்டிக்குப் போகிறவர்கள் போகட்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியெண்ணி ஏறுகிறவர்களும் ஏறட்டும். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரோடு சைக்கிள் வைத்திருக்கும் யாராவது வந்து, "ரெண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு, எங்கே ஓட்டலாம்?" என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே நான் சொல்லிவிடுவேன்: போடிக்குப் போங்கள். கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அதற்கப்புறம் மற்ற ஊர்களைப் பற்றிப் பேசலாம்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், நடுவே முல்லைப் பெரியாறு பாயும் சமதளம். பள்ளத்தாக்கின் தரை ஏறத்தாழ 300, 400 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. மலையின் தலை ஆயிரம் மீட்டருக்குமேல் எழுந்து நிற்கிறது. ஏறவேண்டும் என்று தோன்றுகிற அன்றைக்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மேகமலை என்று நான்கு பக்கமும் ஏற்றம். கால் வலிக்கிற அன்றைக்கு வயலும் தோப்புமாகச் சமவெளி. இரண்டும் ஒரே ஊரில் ராத்தங்கி அனுபவிக்கக் கிடைப்பது எத்தனை பெரிய கொடுப்பினை என்பது, மலைச்சாலைக்காக நூறு கிலோமீட்டர் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் தெரியும்.

எல்லோரும் மெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் முதலில் அடிவாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். போடியிலிருந்து தெற்கே கிளம்பி சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் என்று போகிறதே ஒரு சாலை, அதற்காக நான் சொத்தை எழுதி வைப்பேன்! 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழி முழுக்க வலப்பக்கம் மலை. பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டு மறைகிற மலை இல்லை. போடியில் தொடங்கி, கூடவே வருகிறது. மலை மேற்கில் இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். ஆறு மணிக்குக் கருநீலம், ஆறேகாலுக்குச் செம்பு, ஏழு மணிக்குள் ஒவ்வொரு பாறை மடிப்பும், ஓடை இறங்கிய ஒவ்வொரு தடமும் தனித்தனியாகத் தெரியும். இடப்பக்கம் தென்னையும் வாழையும் சோளக்காடும். சாலையில் பெரிய ஏற்றமென்று ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். சைக்கிள் தானாகப் போகிறதோ என்று சந்தேகம் வரும்.

இந்தச் சாலையின் அழகுக்கு ஒரு காரணம், இங்கிருந்து மலைமேல் போக வண்டிச்சாலை இல்லை. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டு ஊர்க்காரர்கள் வெகுகாலமாகப் போராடுகிறார்கள். அவர்கள் தோட்ட வேலைக்குப் போக வேண்டுமென்றால் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்ற வேண்டும். அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, சைக்கிள்காரனின் ரசனையை அதற்குக் குறுக்கே வைக்க எனக்கு உரிமையில்லை. இன்றைக்கு இருக்கிற நிலையைச் சொல்கிறேன், அவ்வளவுதான்: இங்கே மலையை ஏற முடியாது, அதன் கூடவே போகலாம். ஏறிக்கொண்டிருக்கும்போது மலை கண்ணுக்குத் தெரிவதே இல்லை; முன்சக்கரமும் அடுத்த வளைவும்தான் தெரியும். அடிவாரத்தில் ஓட்டுகிறவனுக்குத்தான் முழு மலையும் கிடைக்கிறது.

பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். காதில் எதையும் மாட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிற ஆள் நான். அங்கே மட்டும் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி. கடையில் ஒரு பெரியவர் என் வண்டியை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு லேசா இருக்கே தம்பி, காத்துல தூக்கிட்டுப் போயிராது?" என்றார். ஆடி மாதமாக இருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, அதற்கு வருகிறேன். அடுத்து கோம்பை. அந்தப் பெயரில் ஒரு நாய் இனமே இருக்கிறது என்பது சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தனிக் கிளர்ச்சி. ஊருக்கு நேர் மேலே மலையுச்சியில் ராமக்கல்மேடு. கேரளப் பக்கத்திலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் அந்த விளிம்பில் நின்று, காற்றில் துணி படபடக்க, கீழே தெரியும் தமிழ்நாட்டைப் படமெடுப்பார்கள். அந்தப் படத்தில் நகரும் புள்ளி நாம்தான்.

சரி, மெட்டுக்கு வருவோம். போடிமெட்டு ஏற்றம் முந்தல் சோதனைச்சாவடியில் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவு, சுமார் 20 கிலோமீட்டர், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் சராசரி ஐந்து சதவீதச் சரிவு. மூச்சு முட்டாமல், ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே போகிற சரிவு. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் பந்தயக்காரனாக இல்லாதவனும் மேலே போய்ச் சேரலாம். கீழே முள்ளும் கரும்பாறையுமாக வறண்ட காடு. புலியூத்துப் பக்கம் வரும்போது ஈரக்காற்று முகத்தில் படும். ஒவ்வொரு வளைவுக்கும் போடி சுருங்கிக்கொண்டே போகும், கண்மாய்கள் கண்ணாடிச் சில்லாக மின்னும். திடீரென்று வெயிலின் சூடு குறைந்து, மூக்கில் ஏலக்காய் வாசனை ஏறும் பாருங்கள், அப்போது வலிக்கிற தொடையைக்கூட மன்னித்துவிடலாம்! உச்சியில் மாநில எல்லை. தமிழ்நாட்டில் சுக்குக்காப்பி, நாலு எட்டு வைத்தால் கேரளத்தில் கட்டன் சாயாவும் பழம்பொரியும். நான் இரண்டு மாநிலத்திலும் சாப்பிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பறக்கும். மாலையில் அதே வேகத்தில் இறங்கும். அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. ஓரம் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடியுங்கள், வளைவுக்குள் வைத்துப் பிடிக்காதீர்கள். ஓரத்துச் சரளைக்கல் யாரையும் மதிக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தச் சாலையில் மண்சரிவு உண்டு, அப்போது போகவே வேண்டாம். குமுளி ஏற்றம் சின்னது, ஆனால் செங்குத்து. லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஏறலாம். 1895-இல் அவர் கட்டி முடித்த அணையின் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கை இரண்டு போகம் விளைய வைக்கிறது. சபரிமலை சீசனில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். மேகமலைச் சாலை சின்னமனூரிலிருந்து. வளைவுக்கு ஒரு பூவின் பெயராக 18 வளைவுகள். 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு அது. வனத்துறைச் சோதனைச்சாவடியில் விட்டால் போகலாம், விடாவிட்டால் பேசாமல் திரும்பிவிடுவதே மரியாதை.

எப்போது போவது? தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கும், அதுவும் நல்ல காலம்தான். எனக்கு ஆனி, ஆடிதான். அந்தப் பக்கம் இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். மேகம் மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும், பாதி மலை இறங்குவதற்குள் காணாமல் போகும். மழையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காய்ந்த சாலையில் ஓட்டலாம். மழை வராதே தவிர, காற்று வரும். கம்பம் கணவாய் வழியாக நுழைந்து பள்ளத்தாக்கு நெடுக அடிக்கிற இந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். தெற்கே போகும்போது அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். தலையைக் குனிந்து, கியரைக் குறைத்து, வாயை மூடிக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான்.

போய்ச் சேரவும் கஷ்டமில்லை. 2023 ஜூனிலிருந்து போடி வரை அகல ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்தும் நேரடி வண்டி உண்டு. இறங்கி ஒரு குளியல், அவ்வளவுதான்.

கோம்பை வழியாகக் கம்பத்துக்குப் போய், சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகக் காய்த்திருக்கும் பன்னீர்த் திராட்சையை ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம், வருடம் முழுக்கக் கிடைக்கும். அரைக் கிலோ அங்கேயே வயிற்றுக்குள், மீதி ஜெர்சியின் பின்பையில். இப்போது வண்டியைத் தேனிப் பக்கம் திருப்புங்கள். காலையெல்லாம் வதைத்த அந்தக் காற்று இனி முதுகில். உத்தமபாளையத்திலிருந்து பெரிய சாலையை விட்டுவிட்டு மார்க்கையன்கோட்டை, குச்சனூர், உப்புக்கோட்டை என்று வயல்வழியே வாருங்கள். இருபுறமும் நெல் காற்றில் சாய, நீங்களும் அது சாயும் பக்கமே, பெரிய கியரில், கால் சும்மா சுற்ற, சங்கிலிச் சத்தம்கூடக் கேட்காமல் பறப்பீர்கள். வீரபாண்டியில் டீ குடிக்கலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இதுவரை நிறுத்தியதே இல்லை!