கையில் தாள் இருக்கும்வரை

எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் ஆகஸ்ட் மாதம் தனியாளாக ஒரு மணி நேரம் சிரிக்கவைக்கப் போகிறவர், பெரும்பாலும் அதே நிகழ்ச்சியை அரைவேக்காடாகப் பல ஊர்களில் நடத்திப் பார்த்திருப்பார். பிப்ரவரியில் லெஸ்டர் நகைச்சுவை விழா, மே தொடக்கத்தில் வேல்ஸின் மஹன்லெத், ஜூன் ஜூலையில் லண்டன் பப்புகளின் மாடி அறைகள். 'பிரிவியூ' என்கிற இந்த மலிவுக் கட்டண முன்னோட்டங்கள்தான் அவருக்கு ஒத்திகை.

இதற்கு வலுவான காரணம் உண்டு. கண்ணாடி முன் நூறு தடவை சொல்லிப் பார்த்தாலும், எந்தச் சொல்லுக்கு முன் அரை நொடி நிறுத்த வேண்டும் என்று பிடிபடாது. எதிரே 40 பேர் உட்கார்ந்தால் முதல் இரவிலேயே தெரிந்துவிடும். 'ஆமாம்' போட ஆளில்லாமல் வில்லுப்பாட்டைப் பாடிப் பார்க்க முடியுமா? அன்றைய ஒலிப்பதிவைக் கேட்டு, சிரிப்பு விழாத வரிகளை அடித்து, வரிசையை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

என் குறை ஒரு தாளைப் பற்றியது. முன்னோட்டத்தில் கலைஞர் கையில் குறிப்புத் தாள் இருக்கும். ஒரு துணுக்கு எடுபடாவிட்டால் தாளைப் பார்ப்பார், பேனாவால் ஒரு கோடு இழுப்பார், அறையே குலுங்கும். அந்தச் சிரிப்பு கோட்டுக்கு விழுந்தது. சமையல் முடியுமுன்னே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்த விருந்தாளியின் பரிவு அது. ஆகஸ்ட்டில் முழுக் கட்டணம் கொடுத்து, அன்றைக்கு நான்காவது நிகழ்ச்சியாக வந்து உட்காருகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. தாளைக் கீழே வைத்ததும் நிகழ்ச்சி மெலிந்துபோவது இதனால்தான்.

இன்னும் பெரிய சேதம் மௌனத்துக்கு. 2017-இல் எடின்பரோ நகைச்சுவை விருதைப் பகிர்ந்துகொண்ட ஹன்னா காட்ஸ்பியின் 'நானெட்', இறுக்கத்தை ஏற்றிவிட்டு அதைச் சிரிப்பால் தளர்த்த மறுக்கும் நிகழ்ச்சி. சிரிப்பையே அளவுகோலாகக் கொண்ட பேனா அதன் உயிரான பகுதியை முதலில் அடித்திருக்கும். 2016-இல் அந்த விருதை வென்ற ரிச்சர்ட் காட், 'மங்கி சீ மங்கி டூ'வில் டிரெட்மில்லில் ஓடியபடியே பேசினார். எந்த வாக்கியத்தில் மூச்சு அறுபடும் என்பதைத் தாளோடு நின்று கண்டுபிடிக்க வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, இயக்குநர் ஒருவரின் கண்முன் திரும்பத் திரும்ப ஓடினால்தான் அது உடம்பில் ஏறும்.

அறை வாடகையும் இயக்குநர் சம்பளமும் கைக்காசு. முன்னோட்டத்தில் சிறிதாவது வரும். அந்த நெருக்கடி புரிகிறது. இருந்தாலும் முன்னோட்டங்களில் சிலவற்றைக் குறைத்து, ஜூலையின் கடைசி வாரத்தைக் காலி அறைக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். விழாவில் ஒரே அரங்கில் காலைமுதல் இரவுவரை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சிகள். விளக்கையும் ஒலியையும் சரிபார்க்கச் சில மணி நேரம் கிடைத்தால் அதிகம். வெறுங்கையோடு ஏறி, 55 நிமிடத்தில் முடித்து, அடுத்தவருக்கு மேடையை விட்டு இறங்குவதை அங்கே போய்ப் பழக நேரமிருக்காது.