பெயரும் குற்றப்பத்திரிகையும்

2014 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் எரிக் கார்னரும், ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுனும் காவலர் கையில் மாண்டபோது அமெரிக்கா கொந்தளித்தது. அதே ஆண்டு கிளீவ்லாந்தில் காவலர் பிடியில் உயிர்நீத்த தனிஷா ஆண்டர்சனின் பெயரோ பலருடைய செவிக்கு எட்டவேயில்லை. இந்தப் பாராமுகத்தைக் கண்டித்தே, சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷாவின் தலைமையிலான ஆப்பிரிக்க அமெரிக்கக் கொள்கை மன்றம் அவ்வாண்டின் இறுதியில் 'அவள் பெயரைச் சொல்' என்னும் ஹேஷ்டேக் முழக்கத்தைத் தொடங்கியது. 2023 இல் அதே பெயரில் கிரென்ஷாவும் அம்மன்றமும் நூலொன்றையும் வெளியிட்டனர்.

மகளை இழந்த தாயரும், உடன்பிறந்தாளை இழந்தோரும் தம் வாய்மொழியாகவே அந்நூலில் பேசுகின்றனர். ஹேஷ்டேக்கில் வெறும் பெயராக நின்றவள் அங்கே ஒரு வாழ்க்கை உடையவளாகிறாள். நூலின் தலையாய சிறப்பு இதுவே என்போம்.

எனினும், பொது மௌனம் கலைந்தால் நீதி தானே பின்தொடரும் என்று இம்முழக்கத்தை ஏந்துவோர் நம்பிவிடலாகாது. லூயிவில் நகரின் பிரியானா டெய்லர் வழக்கைக் காண்போம். 2020 மார்ச் 13 அன்று, நள்ளிரவுக்குப் பின், சோதனை ஆணையுடன் வீடு புகுந்த காவலரின் குண்டுகளுக்கு அந்த 26 வயதுப் பெண் பலியானாள். மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு மக்கள் வீதிக்கு வந்த பின்னரே அவள் பெயர் உலகெங்கும் ஒலித்தது. முன்னறிவிப்பின்றி வீடு புகும் ஆணைகளை அந்நகரம் தடை செய்தது, குடும்பத்தார்க்கு 1.2 கோடி டாலர் வழங்கவும் இசைந்தது. இவை சிறு பயன்கள் அல்ல.

ஆனால் செப்டம்பரில் மாநில நீதிமன்றத்தில் வந்த குற்றச்சாட்டு என்ன? ஒரு காவலரின் குண்டுகள் அண்டை வீட்டினுள் பாய்ந்து அங்கிருந்தோரின் உயிருக்கு ஆபத்து விளைத்தன என்பதே. பிரியானாவின் மரணத்திற்காக எவர்மீதும் அப்போது குற்றம் சாட்டப்படவில்லை. 2022 இல் அக்காவலரும் விடுதலையானார். பிரியானாவின் உரிமைகளை மீறினார் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர் குற்றவாளியெனக் காணப்பட்டது 2024 நவம்பரில்தான். 2025 இல் அவருக்கு 33 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வீதியில் ஒலித்த பெயர் தீர்ப்பில் இடம்பெற நான்காண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்குள் மக்களின் கவனம் வேறு திசைக்குச் சென்றுவிட்டது. எனவே, பெயரைச் சொன்னவர்கள் குற்றப்பத்திரிகையையும் அதே கவனத்துடன் வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அத்தாய்மார் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அத்தகைய நீடித்த கவனத்தையே அன்றோ?