அளவுகோல் யாருடையது?

எது நியாயம் என்று முடிவு செய்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டா? “ஆண் கொள்கையைப் பார்ப்பான், பெண் உணர்ச்சிவசப்படுவாள்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் திண்ணைப் பேச்சு அன்று. பல நாடுகளில் பெண்களுக்கு வாக்குரிமையை மறுக்க இதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்துப் பெண்கள் நாடு தழுவிய வாக்குரிமை பெற்றது 1971-இல்தான்!

இப்பொருள் பற்றிய புகழ்பெற்ற நூல் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலார் கரோல் கில்லிகன் 1982-இல் வெளியிட்டது. ‘வேறொரு குரலில்’ என்பது தலைப்பின் பொருள்.

நீதியுணர்வு ஆறு படிகளாக வளர்கிறது என்றார் லாரன்ஸ் கோல்பர்க். பிறர் மெச்ச நல்லவராக நடப்பது மூன்றாம் படி. பொது நீதிக் கொள்கை ஆறாம் படி. பெண்கள் பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவதாகக் கருதப்பட்டது. ஆனால் கோல்பர்க் தம் அளவுகோலை உருவாக்க ஆராய்ந்த 84 பேரும் சிறுவர்கள். ஒரு சிறுமிகூட இல்லை! ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையிலெடுத்தால் முதலில் சுழிப் பிழையைப் பார்க்கிறோம் அல்லவா? அந்த வேலையைத்தான் கில்லிகன் செய்தார். நூலின் சிறப்பு இதுவே.

அவர் காட்டும் சான்று சுவையானது. சாகக் கிடக்கும் மனைவிக்காக, வாங்க வசதியில்லாத மருந்தைக் கணவன் திருடலாமா? பதினொரு வயதுச் சிறுவன், பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்கிறான். அதே வயதுச் சிறுமி, திருடக் கூடாது, மருந்துக்காரரிடம் பேசி வழி காண வேண்டும் என்கிறாள். கணவன் சிறை சென்றால் மனைவியை யார் பார்ப்பது என்பது அவள் கவலை. இது தாழ்ந்த படியன்று, வேறொரு வழி என்கிறார் கில்லிகன்.

இதுவரை சரி. ஆனால் இரண்டு குழந்தைகளைக் கொண்டு இரு பாலாரையும் அளந்துவிட முடியுமா? நூலின் மற்றொரு முக்கியப் பகுதி, கருக்கலைப்புப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்த 29 பெண்களின் பேட்டி. அதில் ஒப்பிட்டுப் பார்க்க ஆண்கள் இல்லை. ‘இக்குரல் பெண்களுக்கே உரியதன்று’ என்னும் கருத்தை முன்னுரையில் அவரே கூறியிருக்கிறார். ஆனால் நூலின் போக்கில் அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது.

பின்னர் வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கோல்பர்க்கின் முறையில் நடந்த ஆய்வுகளை 1984-இல் தொகுத்துப் பார்த்த லாரன்ஸ் வாக்கர், பெரும்பாலானவற்றில் குறிப்பிடத்தக்க பால் வேறுபாடு இல்லை என்று கண்டார். 2000-இல் சாரா ஜாஃபியும் ஜேனட் ஹைடும் மேலும் பல ஆய்வுகளைத் தொகுத்தனர். பிறர் நலம் பேணும் சிந்தனையில் பெண்கள் சற்று முன்னே இருந்தனர்; வேறுபாடு திட்ட விலக்கத்தில் 0.28 பங்கு. நீதி வழிச் சிந்தனையில் ஆண்கள் முன்னே இருந்தனர், அது 0.19 பங்கு.

0.28 என்றால் எவ்வளவு? ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குருட்டாம்போக்கில் நூறு முறை தேர்ந்தெடுத்தால், சுமார் 58 முறை பெண்ணின் மதிப்பு கூடுதலாக இருக்கும். 42 முறை ஆணின் மதிப்பு கூடுதலாக இருக்கும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டு தனி ஒருவரின் மனத்தைக் கணிக்க இயலாது.

ஆகவே, “பெண்கள் இப்படித்தான்” என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: யாரை வைத்து அளந்தீர்கள்? வேறுபாடு எவ்வளவு? முதல் கேள்வியைக் கேட்கக் கற்றுத் தந்தவர் கில்லிகன். இரண்டாவதை அவர் நூலிடமும் நாம் கேட்க வேண்டும்.