பேரிங்கைப் பார்ப்பதும் மாற்றுவதும்

ஓடிக்கொண்டிருக்கிற யந்திரத்தைப் பிரிப்பதா, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவதா என்ற சந்தேகம் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் என்றைக்காவது ஒரு நாள் வரக்கூடியதுதான் என்றாலும், நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுழலும்படி அமைந்த யந்திரத்தை உடையவனுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் விசாரமாகவே ஆகிவிடுகிறது. 2000 முதல் 2006 வரை தயாரான ஈ46 வகை பி.எம்.டபிள்யூ எம்3 ஒன்றை, ஜெர்மனியின் ஐஃபல் மலைச் சாலைகளிலும் ஆட்டோபானிலும் இரண்டு வருஷமாக ஓட்டிவருகிறேன். சென்ற இளவேனிலில் அதன் கணக்கு 1,72,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது, கான்ராட் பேரிங் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தே தீரவேண்டியதாயிற்று.

காரின் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்54 என்று பெயர் பெற்ற இதன் யந்திரம் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் 3,246 சி.சி. யந்திரம், 7,900 சுற்றில் 343 குதிரைச் சக்தி. டர்போ கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் இருப்பதால், கால் அசைந்த கணத்திலேயே யந்திரமும் அசைகிறது. ஐயாயிரம் சுற்றுக்கு மேல் அதன் குரல் கடினமாகித் தகட்டை அறுப்பதுபோல் உயரும்போது, இருபது வருஷத்துப் பழசு என்ற எண்ணமே மறந்துபோகிறது. இதற்காகவே இந்தக் காரை வாங்கினேன்; பேரிங்கின் கஷ்டமும் இங்கேதான் பிறக்கிறது.

பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 91 மில்லிமீட்டர். எட்டாயிரம் சுற்றில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 24 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அது முற்றிலும் நின்று திரும்பவேண்டும். அந்த இழுப்பையும் எரிவாயுவின் அழுத்தத்தையும் கிராங்க் ஷாஃப்டில் ஏற்றிவைப்பது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கான்ராடின் அடியில், அதன் தண்டுப்பக்கம் ஒன்றும் மூடிப்பக்கம் ஒன்றுமாக, இரண்டு பாதியாகப் பொருத்தப்பட்ட மெல்லிய ஷெல்தான்; பேரிங் என்பது இதுவே. ஷெல்லும் ஷாஃப்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதுதான் ஏற்பாடு: தலைமயிரின் கனமே உள்ள இடைவெளியில் ஆயில் ஒரு படலமாக நின்று பாரம் முழுவதையும் சுமக்கிறது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதே யந்திரத்தை விரட்டினால் அந்தப் படலத்துக்கு ஆபத்து. ஆகையால்தான், ஆயில் சூடேறும் வரையில் இந்தக் காரின் சுற்றுமானியில் மஞ்சள் விளக்குகள் எரிந்து, வரம்பு எதுவரை என்று காட்டி, பிறகு ஒவ்வொன்றாக அணைகின்றன. ஆரம்பகாலத்து எஸ்54 கார்களைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்து, இதே ஷெல்களை இலவசமாக மாற்றிக்கொடுத்ததும் பலர் அறிந்த சரித்திரம்.

என் காரில் சத்தம் ஒன்றும் இல்லை, ஆயில் அழுத்தமும் குறையவில்லை. உபயோகித்த ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஈயத்தின் அளவு முந்தைய பரிசோதனையைவிடச் சற்று உயர்ந்திருந்தது. பயப்படும்படியாக அல்ல, அலட்சியப்படுத்தும்படியாகவும் அல்ல. இந்தப் பரிசோதனையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிலில் கரைந்தாற்போல் கலந்த மிக நுண்ணிய துகளைத்தான் அது கணக்கிடும். பெரிய செதில்களை அது காண்பதில்லை. நாலு நாள் யோசித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: இந்த ஷெல்லின் நிலையைக் கண்ணால் காண வேண்டுமானால் பிரித்தாக வேண்டும், பிரித்து வெளியே எடுத்த பழைய ஷெல்லை மறுபடியும் உள்ளே வைக்கிற புத்திசாலி யாரும் இல்லை. ஆகவே, பார்ப்பது என்று தீர்மானித்தாலே மாற்றுவது என்று தீர்மானித்ததாகத்தான் அர்த்தம்.

வாடகைக்குக் கிடைக்கும் பட்டறை ஒன்றில், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் துணையோடு வேலை இரண்டு நாள் நடந்தது. யந்திரத்தை இறக்கவில்லை; மேலிருந்து சங்கிலியால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தைத் தாழ்த்தி, ஆயில் சம்பைக் கழற்றினோம். பன்னிரண்டு ஷெல்களையும் சிலிண்டர் எண் எழுதிய வெள்ளைத் துணியின் மேல் ஜோடி ஜோடியாக வைத்தபோது கதை விளங்கிவிட்டது. மூடிப்பக்கத்து ஷெல்கள் பெரும்பாலும் சாம்பல் நிறம் மாறாமல் இருந்தன. வெடிப்பின் அடியை வாங்கும் மேல்பக்கத்து ஷெல்களில் நான்கின் நடுவே, வெற்றிலைக் காம்பின் அகலத்துக்கு, மேற்பூச்சு தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. விரல் நகத்தால் வருடினால் ஓரத்தில் ஒரு மெல்லிய படி தட்டுப்பட்டது. ஷாஃப்டிலோ கீறல் ஒன்றுகூட இல்லை. எனக்கு முன் இருந்தவர் குளிர்காலக் காலைகளில் எப்படி ஓட்டினார் என்பதை அந்தச் செம்பு நிறம் சொல்கிறது என்பது மெக்கானிக்கின் அபிப்பிராயம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

இந்த வேலைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது பலமானதே. மூடியை அதன் சொந்தக் கான்ராடிலிருந்து மாற்றிவிட்டாலோ, தூசி ஒரு துளி உள்ளே நுழைந்தாலோ, பழைய போல்ட்டையே மறுபடி முறுக்கினாலோ, தேய்மானம் பத்து வருஷத்தில் செய்யாத சேதத்தை மனிதன் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். அவசரக்காரரின் கையில் இந்தக் காரியத்தை ஒப்படைப்பதைவிடச் செய்யாமல் இருப்பதே க்ஷேமம். நாங்கள் புதுப் போல்ட்டுகளைப் பூட்டி, டார்க் ரெஞ்சுக்குப் பிறகு கோணமானியையும் வைத்து ஒவ்வொன்றையும் இருவரும் தனித்தனியே சரிபார்த்தோம். பொறுமையான கை கிடைக்குமானால், ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைக் கடந்து, முன்பே மாற்றியதற்கு எழுத்து மூலமான சான்று இல்லாத எஸ்54 காருக்கு இதைச் செய்துவிட வேண்டும் என்றே சொல்வேன். ஷெல்லோடு ஷாஃப்டும் போனால், செலவு மிகப் பெரிதாகிவிடும்.

ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பின் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரின் காகிதத்தைக் கத்தரித்து மேஜைமேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகத் திருப்பிப் பார்த்தேன்; கறுத்த எண்ணெய்தான் இருந்தது, மினுமினுப்பு எங்கும் இல்லை.