சித்தன்னவாசல்: ரீங்காரம் கேட்டாச்சு, கல்வெட்டு?

மரபுநடை என்று வார இறுதிகளில் குகைகளுக்கும் கோயில்களுக்கும் கூட்டிப்போகும் குழுக்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம், வழிகாட்டி சொல்லும் கதைக்கு யாரும் எழுதுவதில்லை. சமீபத்தில் அப்படி ஒரு நடையில் புதுக்கோட்டை அருகே உள்ள சித்தன்னவாசலுக்குப் போய்வந்தேன். அதைப் பற்றிய குறிப்புகள் இவை.

முதலில் நிறைகள். வழிகாட்டி நிதானமாகப் பேசினார். ஓவியத்தின் பக்கம் கை நீட்டிய பையனைக் கோபப்படாமல் தடுத்தார். விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்தில் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என ஒவ்வொன்றாகக் காட்டியது அருமை. அது சமணர்களின் சமவசரணத்தில் வரும் தடாகம் என்ற விளக்கத்தையும் சொன்னார்.

சிக்கல் அறிவர் கோயிலின் கருவறையில் ஆரம்பித்தது. உள்ளே நின்று தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்றால் அறையே ரீங்கரிக்கும். 'சித்தர்களின் தியான ரகசியம்' என்றார். கால் மணி நேரம் அதிலேயே போய்விட்டது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். அறை சுமார் ஒன்பதரை அடி சதுரம், அதாவது 2.9 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். இணையான இரண்டு கல்சுவர்களுக்கு இடையே 59, 118 ஹெர்ட்ஸ் அலைகள் வலுப்பெறும். ஆண்குரல் 118 பக்கம் சாதாரணமாக வரும். நம்ம வீட்டு பாத்ரூமில் பாடினால் குரல் கனமாகக் கேட்பதும் இதே காரணத்தால்தான். அனுபவம் நிஜம், ஆனால் அதில் ரகசியம் எதுவும் கிடையாது.

அடுத்தது காலம். குகையைக் குடைந்தவர் மகேந்திரவர்மப் பல்லவன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பழைய கருத்து. முகப்பின் பக்கத்துப் பாறையிலேயே 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபத்தையும் கட்டினார் என்கிறது அது. குழுவில் பாதிப்பேர் அதன் மேல் சாய்ந்துதான் தண்ணி குடித்தார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்த முன்புறத் தூண்கள் சமஸ்தான காலத்தில், 20ஆம் நூற்றாண்டில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. அதையும் யாரும் சொல்லவில்லை.

மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. பத்தே நிமிடம். இயற்கையான குகை, உள்ளே வழவழப்பான 17 கற்படுக்கைகள். அதில் ஒரு படுக்கையில் சுமார் 2000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். எருமை நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது கல்வெட்டு அறிஞர்கள் கருத்து. யோசித்துப் பாருங்க. எங்கிருந்தோ நடந்து வந்து இந்தப் பாறையில் தங்கிய ஒருவருக்கு, இங்கே இருந்த ஒருவர் கல்லைச் செதுக்கி இடம் செய்துகொடுத்திருக்கிறார். கொடுத்தவர், வாங்கினவர் இரண்டு பேருடைய பெயரும் ஊரும் அங்கேயே எழுதியிருக்கிறது. 'முனிவர்கள் படுத்த இடம்' என்று வழிகாட்டி நகர்ந்துவிட்டார்.

இது ஏதோ தகவல் பிழை பார்க்கும் வேலை இல்லை. அன்று எங்களோடு வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லப்போவது 'கோயில் ஹம் பண்ணும்' என்பதைத்தான். ரீங்காரம் எந்தக் கல்லறையிலும் கேட்கும். இளங்கௌதமனும் குமுழூர்க்காரரும் இங்கே மட்டும்தான் இருக்கிறார்கள்.

நடை நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. வரிசையை மாற்றுங்கள். காலை வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டம், அப்புறம் அறிவர் கோயில். காலமும் அந்த வரிசையில்தான் போகிறது. இரண்டு கல்வெட்டுகளின் வாசகத்தையும் ஒரு தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். எழுத்தைக் கண்ணால் தேடிப் பிடித்த பிள்ளை அந்தப் பாறையில் தன் பெயரைக் கீறாது.