பாலிமர் மின்பகுளி: திண்மமா, கூழா?

வாசகர்களே, கைப்பேசி மின்கலம் ஒன்று கையில் கிடைத்தால் அதன் மேலுறையைப் பாருங்கள். பலவற்றில் 'லித்தியம் பாலிமர்' என்று அச்சிட்டிருக்கும். உடனே, உள்ளே திரவமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இப்பெயரில் விற்பவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது திரவ மின்பகுளி, அல்லது திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் கூழ். ஒரே சொல் இரண்டு பொருள்களைக் குறிப்பதால் மாணவர்கள் மயங்குகின்றனர். இம்மயக்கத்தைத் தெளியவைக்கத் தமிழ்நாட்டிலிருந்தே வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பை இங்கு மதிப்பிடுவோம்.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அதன் அறிவியலறிஞர் ஏ. மானுவேல் ஸ்டீபன், லித்தியம் மின்கலங்களுக்கான கூழ்நிலைப் பாலிமர் மின்பகுளிகளைப் பற்றி 2006இல் 'ஐரோப்பியன் பாலிமர் ஜர்னல்' இதழில் எழுதிய கட்டுரையே அது. உலகின் பல ஆய்வகங்களில் ஐந்து வகைப் பாலிமர்களைக் கொண்டு நடந்த பணிகளை அது ஒருங்கே தொகுத்தளிக்கிறது.

இவ்வளவு முயற்சி எதற்காக? ஒரு கிராம் லித்தியம் உலோகம் ஏறத்தாழ 3,860 மில்லியாம்பியர்-மணி மின்னூட்டம் தரவல்லது. இன்றைய மின்கலங்களிலுள்ள கிராஃபைட் தருவதோ 372 மட்டுமே. ஆனால் உலோகத்தை அப்படியே வைத்து மின்னேற்றினால், அதன் பரப்பில் லித்தியம் சீராகப் படியாமல் ஊசிகளாக வளர்கிறது. ஓர் ஊசி மறுமுனையைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். திரவ மின்பகுளியோ எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். திரவத்தை நீக்கிவிட்டுத் திண்மப் பாலிமரை வைத்தால் என்ன என்ற எண்ணம் இங்குதான் பிறந்தது.

பாலியெத்திலீன் ஆக்சைடில் உப்பைக் கரைக்கலாம் என்று 1973இல் இங்கிலாந்தில் ரைட்டும் உடன் பணியாற்றியோரும் அறிவித்தனர். அதனை மின்கலத்தில் பயன்படுத்தலாம் என்று 1978இல் பிரான்சு நாட்டு அறிஞர் அர்மாண்ட் எடுத்துரைத்தார். இடையூறு எங்கே? பாலிமர்ச் சங்கிலி அசைந்தால்தான் அயனி நகரும். அறை வெப்பநிலையில் இந்தப் பாலிமரின் பெரும்பகுதி படிகமாக இறுகிக் கிடக்கிறது; அதன் கடத்துதிறன் திரவத்தினதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. ஏறத்தாழ 65 டிகிரி செல்சியசில் படிகம் உருகிய பின்னரே அயனிகள் தாராளமாக நகர்கின்றன. நம் கொங்கு நாட்டுச் சித்திரை வெயில்கூட அந்த அளவை எட்டாது! சங்கிலி இளகினால் அயனி ஓடும். ஆனால் ஊசியைத் தடுக்கும் உறுதி குறையும். இதுவே இத்துறையின் முடிச்சு.

இம்முடிச்சைத் தளர்த்தக் கூழ் ஒரு வழி. ஃபுளூரின் அடங்கிய பாலிமரை நுண்துளைகள் மிக்க படலமாக்கி, அதில் திரவ மின்பகுளியை ஊறவைக்கின்றனர். ஸ்டீபனின் கட்டுரை கடத்துதிறனோடு நின்றுவிடவில்லை. படலத்தின் துளைத்தன்மையையும், ஒருபுறம் லித்தியம் மாங்கனீசு ஆக்சைடும் மறுபுறம் லித்தியம் உலோகமும் கொண்ட முழு மின்கலத்தின் மின்னேற்ற-இறக்கச் சுழற்சியையும் காட்டுகிறது. இதுவே அதன் சிறப்பு. மாணவர் ஆய்வேடுகள் பலவும் படலத்தின் கடத்துதிறனை அளந்தவுடன் முடிந்துவிடுவதை நினைத்தால், இச்சிறப்பின் அருமை புரியும்.

குறை ஒன்றும் உண்டு. தலைப்பு 'கூழ்' என்று நேர்மையாகவே கூறுகிறது. ஆனால் உள்ளே 'பாலிமர் மின்பகுளி' என்ற பொதுப்பெயரே முன்னிற்கிறது. துறை வல்லுநர் வேறுபாட்டை உணர்வார். புதிதாகப் படிக்கும் மாணவரோ, ஊறிய கூழின் உயர்ந்த கடத்துதிறனை உலர்ந்த பாலிமரின் வெற்றியாகக் கருதிவிடக்கூடும். அங்கே அயனியைச் சுமப்பது பெரும்பாலும் துளைகளில் தங்கிய திரவமே. லித்தியத்தோடு வினைபுரிவதும் தீக்கு இரையாவதும் அதே திரவந்தான்.

அப்படியானால் உலர்ந்த பாலிமர் முழுப் பாதுகாப்பா? அதுவும் இல்லை. பொல்லோரே நிறுவனத்தின் லித்தியம் உலோகப் பாலிமர் மின்கலங்கள் 2011 முதல் 2018 வரை பாரிசின் வாடகைக் கார்களில் ஓடின. அவற்றைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்ததால், நின்றிருந்த காரும் மின்சாரம் செலவழித்தது. 2022 ஏப்ரலில் இவ்வகை மின்கலம் பொருத்திய இரு பேருந்துகள் அந்நகரில் எரிந்தன. 149 பேருந்துகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. 'திண்மம்' என்ற சொல் காப்புறுதிப் பத்திரம் ஆகாது.

நம் கோவை உழவர் பம்பு வாங்கும்போது, "எவ்வளவு தண்ணீர் இறைக்கும்?" என்று மட்டுமா கேட்கிறார்? "எத்தனை அடி ஆழத்திலிருந்து?" என்றும் சேர்த்தே கேட்கிறார். நாமும் அவ்வாறே கேட்கப் பழகவேண்டும். இக்கடத்துதிறன் எந்த வெப்பநிலையில் அளந்தது? உள்ளே திரவம் எவ்வளவு? மின்னோட்டத்தில் லித்தியம் அயனியின் பங்கு என்ன? லித்தியம் உலோகத்தோடு சேர்ந்து எத்தனை சுழற்சி தாங்கிற்று?

இந்நான்கு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு காரைக்குடிக் கட்டுரையைப் படியுங்கள், பெரும்பயன் பெறுவீர்கள். நாளை உங்கள் வீட்டு வாசலில் நிற்கப்போகும் வண்டியின் விளம்பரத்தைப் படிக்கும்போதும் இவை கைகொடுக்கும்.