தொடர்பு அறுந்தால் பதறாத மென்பொருள்

லினக்ஸ் கணினியில் எவல்யூஷன் மின்னஞ்சல் செயலி திறந்திருக்கும்போது வைஃபையை அணைத்துப் பாருங்கள். பிழைச்செய்திகளைக் கொட்டாது. வலையமைப்புத் துண்டிப்பால் இணைப்பில் இல்லை, தொடர்பு கிடைத்ததும் திரும்பிவிடுவேன் என்று பணிவாக ஒரு குறிப்பு காட்டும். இறக்கி வைத்த கடிதங்களைப் படிக்கலாம், புதிதாக எழுதலாம்.

செயலி நொடிக்கொரு முறை இணையத்தைத் தட்டிப் பார்ப்பதில்லை. வழித்தடம் மாறினால் இயக்க அமைப்பின் கருவே 'நெட்லிங்க்' என்ற செய்தித் தடம் வழியாகச் சொல்லும். எவல்யூஷன் சார்ந்திருக்கும் ஜிலிப் நூலகத்தின் 2012-இல் வந்த 2.32 பதிப்பிலேயே இதைக் கேட்டுச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் கருவி சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு நுணுக்கமும் கூடியது: வைஃபை கிடைத்தும் ரயில் நிலையத்திலோ விடுதியிலோ உள்நுழைவுப் பக்கம் வழிமறித்து நிற்குமே, அந்த நிலைக்கும் தனி அடையாளம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. துண்டிப்பு நேர்ந்தபோது இணைப்பில் இருந்தோமா என்பதை எவல்யூஷன் நினைவில் வைத்துக்கொள்ளும். இருந்தால் மட்டுமே தானாகத் திரும்பும். செயலியை நீங்களே விரும்பி இணைப்பில்லா நிலைக்கு மாற்றியிருந்தால், வலையமைப்புக் கம்பியைச் செருகினாலும் உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும். எவ்வளவு மரியாதை!